கடல் நுண்பாசிகளின் பகலிரவுச் சுழற்சி

கடல் நுண்பாசிகளின் பகலிரவுச் சுழற்சி என்பது, கடல்நீரில் மிதந்து வாழும் நுண்ணிய பாசிகள் ஒளிச்சேர்க்கை, ஊட்டச்சத்து உறிஞ்சல், சேமிப்பு, உயிரணுப் பிரிவு ஆகிய செயல்களை 24 மணி நேர ஒழுங்கில் நடத்துவதைக் குறிக்கும். இவற்றுக்குத் தேவையான ஒளி மேலிருந்து, பகலில் மட்டும் கிடைக்கிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ், சிலிக்கான், இரும்பு முதலிய சத்துகளோ பெரும்பாலும் ஆழ்நீரிலிருந்தும், ஆறுகளிலிருந்தும், காற்றில் வரும் தூசியிலிருந்தும் வந்து சேர்கின்றன. ஒளி மிகுந்த மேல்நீரில் சத்து குறைவு; சத்து மிகுந்த ஆழ்நீரில் ஒளி இல்லை. வெவ்வேறு இடங்களிலும் நேரங்களிலும் கிடைக்கும் இவ்விரண்டையும் நுண்பாசிகள் எவ்வாறு ஒன்றுசேர்க்கின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மன்னார் வளைகுடாவின் தென்மேற்குக் கரையில் உள்ள உவரி இதற்குத் தகுந்த எடுத்துக்காட்டாகும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கு பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் உள்ளது. சத்துகளின் வரத்தோ பருவக்காற்றைப் பொறுத்துப் பெரிதும் மாறுகிறது. ஆகவே இக்கடலில் பாசிகளின் நாள் ஒழுங்கை ஒளியும், ஆண்டு ஒழுங்கைச் சத்தும் தீர்மானிக்கின்றன எனலாம்.

நுண்பாசிகளின் வகைகள்

நுண்பாசிகள் வெறுங்கண்ணுக்குத் தனித்தனியே தெரியாதவை. இவற்றுள் மிகச் சிறியவை 1 மைக்ரோமீட்டருக்கும் குறைவான குறுக்களவு கொண்டவை. பெரியவை சில நூறு மைக்ரோமீட்டர் வரை வளர்பவை. உலகின் ஒளிச்சேர்க்கை உயிரிகளின் மொத்த எடையில் இவற்றின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. எனினும் உலகில் ஆண்டுதோறும் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதியை இவையே செய்கின்றன. பெரும்பாலானவை நாளுக்கு ஒரு முறை அளவில் பிரிந்து பெருகுவதும், பெருகிய வேகத்திலேயே பிற உயிரிகளால் உண்ணப்படுவதும் இதற்குக் காரணங்களாகும். முக்கியமான வகைகள் பின்வருமாறு:

* டயட்டம்கள்: சிலிக்காவால் ஆன கண்ணாடி போன்ற கூட்டினுள் வாழ்பவை. கீட்டோசெராஸ், ரைசோசோலினியா, காசினோடிஸ்கஸ் ஆகியவை இந்தியக் கரையோரக் கடல்களில் பரவலாகக் காணப்படும் பேரினங்கள்.
* டைனோபிளாஜெல்லேட்டுகள்: இரண்டு கசையிழைகளின் உதவியால் நீந்தக்கூடியவை. சில இனங்கள் இரவில் ஒளிர்கின்றன.
* நீலப்பச்சைப்பாசிகள்: உட்கரு இல்லாத பாக்டீரியா வகையைச் சேர்ந்தவை. சில இனங்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை நேரடியாகப் பயன்படுத்த வல்லவை.

உவரிக் கடலின் சூழல்

உவரி, திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளைக்கு அருகே அமைந்துள்ள கடற்கரை ஊராகும். கப்பல் மாதா ஆலயம், புனித அந்தோணியார் திருத்தலம், சுயம்புலிங்க சுவாமி கோயில் ஆகியவற்றால் அறியப்படும் இவ்வூரின் முதன்மைத் தொழில் மீன்பிடித்தல்.

ஒளி

உவரி ஏறத்தாழ 8.3 பாகை வட அகலாங்கில் உள்ளது. இங்கு சூன் மாதத்தின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 35 நிமிடம். டிசம்பர் மாதத்தின் மிகக் குறுகிய பகல் ஏறக்குறைய 11 மணி 40 நிமிடம். வேறுபாடு ஒரு மணி நேரத்திற்கும் குறைவு. ஒப்பிட்டுப் பார்த்தால், இலண்டனில் கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கு மேலும், குளிர்காலப் பகல் 8 மணி நேரத்துக்குக் குறைவாகவும் இருக்கும். வடகடல்களில் வசந்த காலத்தில் ஒளி கூடும்போது பாசிகள் திடீரெனப் பெருகுகின்றன. உவரியில் அத்தகைய ஒளிப்பருவம் இல்லை.

சத்துகள்

வெப்பமண்டலக் கடலின் மேல்நீர் சூடானது. ஆகவே அடர்த்தி குறைந்தது. அது குளிர்ந்த ஆழ்நீரின் மேல் ஒரு மூடி போல் படிந்திருக்கிறது. இம்மேல்நீரில் நைட்ரேட்டின் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 1 மைக்ரோமோலுக்கும் குறைவு. சில நூறு மீட்டர் ஆழத்தில் அது 20 மைக்ரோமோலுக்கும் கூடுதலாக இருக்கும். இறந்த பாசிகளும் கழிவுகளும் கீழே மூழ்கி அங்கே சிதைவதே இதற்குக் காரணம்.

ஆழ்நீரை மேலே கொண்டுவருவது காற்று. உவரியை ஒட்டிய கரை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீள்கிறது. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இக்கரைக்கு ஏறத்தாழ இணையாக வீசுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்து காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே பருவக்காற்றே. புவியின் சுழற்சியால் வட அரைக்கோளத்தில் மேல்நீர் காற்றின் திசைக்கு வலப்புறமாக நகரும். உவரியில் வலப்புறம் என்பது திறந்த கடல். மேல்நீர் கரையைவிட்டு விலகிச் செல்ல, அதன் இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் எழுகிறது. இந்நிகழ்வு மேலெழுச்சி எனப்படும். இக்காலத்தில் குமரிமுனையைச் சுற்றியும் மன்னார் வளைகுடாவின் தென்பகுதியிலும் கடலில் பச்சையத்தின் அளவு மிகுவதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சத்து ஆறுகள் வழியாக வருகிறது. பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, உவரிக்கு வடக்கே புன்னைக்காயலில் கடலை அடைகிறது. பாறைகள் சிதைவதால் உண்டாகும் சிலிக்கேட்டை, டயட்டம்களின் கூட்டுக்குத் தேவையான அப்பொருளை, ஆற்றுநீர் கொண்டுவருகிறது. அணைகளும் அணைக்கட்டுகளும் நீரைப் பாசனத்துக்குத் திருப்புவதால், ஆற்றுநீர் மிகுதியாகக் கடலைச் சேர்வது வெள்ளக் காலங்களில் தான். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பதிவாகித் தாமிரபரணியில் பெருவெள்ளம் ஏற்பட்டது. சத்துகளின் வரத்து எவ்வளவு ஒழுங்கற்றதாக இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

ஒரு நாளின் நிகழ்வுகள்

நுண்பாசிகளின் நாள் இனத்துக்கு இனம் வேறுபடினும் அதன் பொதுவான ஒழுங்கு பின்வருமாறு:

* காலை: ஒளிச்சேர்க்கைத் திறன் விரைந்து உயர்கிறது. பல இனங்களில் இது நண்பகலுக்கு முன்பே உச்சத்தை அடைகிறது.
* நண்பகல்: மேற்பரப்பில் ஒளி, பாசி பயன்படுத்தும் அளவைவிட மிகுகிறது. மிகை ஒளி, ஒளிச்சேர்க்கை உறுப்புகளைச் சிதைக்கக்கூடியது. டயட்டம்கள் தம்மிடமுள்ள டயடினோசாந்தின் என்னும் நிறமியைச் சில நிமிடங்களில் டயட்டோசாந்தினாக மாற்றி, மிகை ஆற்றலை வெப்பமாக வெளியேற்றுகின்றன. ஒளி குறைந்ததும் இம்மாற்றம் தலைகீழாக நடைபெறுகிறது.
* பிற்பகல்: நிலைநிறுத்தப்பட்ட கார்பன் மாவுப்பொருளாகவும் எண்ணெயாகவும் சேமிக்கப்படுகிறது. உயிரணுவின் பருமன் கூடுகிறது.
* மாலையும் இரவும்: பல சிறிய இனங்களில் உயிரணுப் பிரிவு இந்நேரத்தில் நிகழ்கிறது. சேமித்த மாவுப்பொருள் சுவாசத்துக்கும் புரத உருவாக்கத்துக்கும் செலவாகிறது.

இதனால் கடல்நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் பிற்பகலில் மிகுந்தும், விடியலுக்கு முன் குறைந்தும் காணப்படுகிறது. பகலில் ஆக்சிஜனை வெளியிடும் பாசிகள் இரவில் சுவாசத்துக்காக அதனையே எடுத்துக்கொள்கின்றன.

உயிரியல் கடிகாரம்

இவ்வொழுங்கு ஒளிக்கு உடனுக்குடன் காட்டும் எதிர்வினை மட்டுமன்று. ஒளி மாறாத ஆய்வகச் சூழலிலும் பல பாசிகளில் 24 மணிக்கு நெருங்கிய சுழற்சி சில நாட்கள் தொடர்கிறது. லிங்குலோடினியம் என்னும் டைனோபிளாஜெல்லேட்டு இரவில் ஒளிர்வது. மங்கிய ஒளியில் தொடர்ந்து வைக்கப்பட்ட போதும் அது தன் இரவு நேரத்தில் ஒளிர்வதை பியாட்ரிசு சுவீனி, உட்லண்டு ஏசுடிங்சு ஆகியோர் 1950களில் கண்டறிந்தனர்.

கடிகாரத்தின் உட்பகுதிகள் நீலப்பச்சைப்பாசியில் தெளிவாக அறியப்பட்டுள்ளன. நன்னீரில் வாழும் சைனெக்கோகாக்கஸ் இனத்தில் கய்ஏ, கய்பி, கய்சி என்னும் மூன்று மரபணுக்கள் கடிகாரமாகச் செயற்படுவது 1998ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இம்மரபணுக்கள் உருவாக்கும் மூன்று புரதங்களை ஆற்றல் தரும் ஏடிபியுடன் சோதனைக்குழாயில் கலந்தால், உயிரணு ஏதுமின்றியே 24 மணி நேரச் சுழற்சி உண்டாவதைச் சப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தக்காவோ கொண்டோ குழுவினர் 2005ஆம் ஆண்டில் காட்டினர்.

கடிகாரத்தால் பாசிக்கு என்ன பயன் என்பதை 1998ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வு விளக்கியது. அதில் 23 மணி, 30 மணி எனச் சுழற்சி நீளம் மாறிய சைனெக்கோகாக்கஸ் வகைகள் ஒன்றாகக் கலந்து வளர்க்கப்பட்டன. 11 மணி நேர ஒளியும் 11 மணி நேர இருளும் மாறிமாறி அளித்தபோது குறுகிய சுழற்சி கொண்ட வகை வென்றது. 15 மணி நேரமாக மாற்றியபோது நீண்ட சுழற்சி கொண்ட வகை வென்றது. தனித்தனியே வளர்த்தபோது இவற்றின் வளர்ச்சி வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. எனவே, சூழலின் சுழற்சியோடு கடிகாரம் பொருந்துவதே போட்டியில் வெற்றியைத் தந்தது என அறியலாம்.

எல்லாக் கடற்பாசிகளுக்கும் முழுமையான கடிகாரம் இல்லை. திறந்த கடலில் மிகுதியாக வாழும் புரோகுளோரோகாக்கஸ் இனத்தில் கய்ஏ மரபணு இல்லை. தொடர்ந்து ஒளியில் வைத்தால் அதன் சுழற்சி மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு நாளும் கதிரவனே அதனைத் தொடக்கிவைக்கிறது. இது நாள்தோறும் திருப்பிவைக்க வேண்டிய மணற்கடிகாரத்துடன் ஒப்பிடப்படுகிறது.

சத்துப் பற்றாக்குறை

கடல் மிதவை உயிரிகளில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றின் அணுக்கள் சராசரியாக 106:16:1 என்னும் விகிதத்தில் உள்ளன. இது ஆல்பிரட் ரெட்பீல்டு என்னும் அமெரிக்க அறிவியலாளரின் பெயரால் ரெட்பீல்டு விகிதம் எனப்படுகிறது. இவற்றுள் தேவைக்கு ஒப்பிடுகையில் மிகக் குறைவாகக் கிடைக்கும் சத்தே வளர்ச்சியின் எல்லையை வகுக்கும்.

ஆனால், பாசியின் வளர்ச்சி அந்நேரத்தில் வெளிநீரில் உள்ள சத்தை மட்டும் பொறுத்ததன்று. உயிரணுவுக்குள் உள்ள கையிருப்பைப் பொறுத்தது. இக்கருத்தை மைக்கேல் துரூப் 1968ஆம் ஆண்டில் கணிதச் சமன்பாடாக அமைத்தார். சத்து கிடைக்கும்போது தேவைக்கு மேல் உறிஞ்சி வைத்து, கிடைக்காதபோது அதனைச் செலவிட்டுப் பாசி பிரிகிறது. கையிருப்பு ஒரு குறைந்த அளவைத் தொட்டதும் பிரிதல் நின்றுவிடும்.

* நைட்ரஜன்: புரதத்துக்கும் பச்சையத்துக்கும் தேவை. ஒரு பச்சைய மூலக்கூறில் 4 நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. நைட்ரஜன் குறைந்தால் பாசி பச்சையத்தைக் குறைத்து வெளிறுகிறது. ஒளிச்சேர்க்கையில் கிடைத்த கார்பனைப் புரதமாக்க இயலாமல் எண்ணெயாகவும் மாவுப்பொருளாகவும் குவிக்கிறது.
* பாஸ்பரஸ்: மரபுப்பொருளுக்கும் உயிரணுச் சவ்வுக்கும் தேவை. பற்றாக்குறையில் சில இனங்கள் சவ்விலுள்ள பாஸ்பரஸ் கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகம் கொண்ட கொழுப்பைப் பயன்படுத்துகின்றன. நீரில் கரைந்துள்ள கரிமப் பொருள்களிலிருந்து பாஸ்பேட்டைப் பிரிக்கும் நொதியையும் உருவாக்குகின்றன.
* சிலிக்கான்: டயட்டம்களுக்கு இன்றியமையாதது. அவற்றின் தேவை ஏறத்தாழ நைட்ரஜனின் தேவைக்குச் சமம். சிலிக்கேட் தீர்ந்தால் புதிய கூடு அமையாது, டயட்டம் பிரியாது. பிற இனங்கள் அவ்விடத்தைப் பிடிக்கின்றன.
* இரும்பு: ஒளிச்சேர்க்கையில் மின்னணுக்களைக் கடத்தும் புரதங்களுக்குத் தேவை. குறைந்தால் இரும்புள்ள பெரிடாக்சினுக்கு மாற்றாக இரும்பற்ற பிளேவோடாக்சினைப் பல இனங்கள் உருவாக்குகின்றன.

ஒளியையும் சத்தையும் இணைக்கும் முறைகள்

நைட்ரேட்டு அயனி ஒன்றை அம்மோனியமாக மாற்ற 8 மின்னணுக்கள் தேவை. பகலில் அவை ஒளியிலிருந்து கிடைக்கின்றன. நைட்ரஜன் பற்றாக்குறையில் உள்ள பாசிக்கு இரவில் சத்து கிடைத்தாலும் அதனை விட்டுவிடுவதில்லை. பகலில் சேமித்த மாவுப்பொருளைச் சிதைத்து அவ்வாற்றலால் நைட்ரேட்டைப் புரதமாக்குகிறது. இத்திறன் டயட்டம்களிடம் சிறப்பாக உள்ளது. சத்து எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல இயலாத மேலெழுச்சிக் கடல்களில் இது அவற்றுக்குப் பெரும் வலிமையாகும்.

டைனோபிளாஜெல்லேட்டுகள் வேறு வழியைக் கையாள்கின்றன. பல இனங்கள் விடியலில் மேல்நோக்கி நீந்திப் பகலில் ஒளி பெறுகின்றன. மாலையில் கீழிறங்கி ஆழத்திலுள்ள சத்தை இரவில் உறிஞ்சுகின்றன. இவற்றின் வேகம் மணிக்கு 1 முதல் 2 மீட்டர் அளவில் இருப்பதால், ஒரே இரவில் 10 மீட்டர் அளவு இறங்கி ஏற முடிகிறது. கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் இம்முறை பயனளிக்கிறது. காற்று கலக்கும் கடலில் நீந்துவதால் நன்மை குறைவு.

நீலப்பச்சைப்பாசிகளில் சில, காற்றின் நைட்ரஜனையே பயன்படுத்துகின்றன. இதற்கான நைட்ரோஜினேஸ் என்னும் நொதியை ஆக்சிஜன் செயலிழக்கச் செய்யும். ஒளிச்சேர்க்கையோ ஆக்சிஜனை வெளியிடுவது. இச்சிக்கலைக் குரோகோஸ்பேரா நேரத்தால் தீர்க்கிறது: பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் நைட்ரஜன் நிலைநிறுத்தல். பகலில் நைட்ரோஜினேஸைச் சிதைத்து அதிலுள்ள இரும்பை ஒளிச்சேர்க்கைப் புரதங்களுக்கும், இரவில் அவற்றைச் சிதைத்து நைட்ரோஜினேசுக்கும் மாற்றிக்கொள்வதாக 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. மன்னார் வளைகுடாவில் பெருக்கம் பதிவாகியுள்ள டிரைக்கோடெஸ்மியம் இதற்கு மாறாகப் பகலிலேயே நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது. அந்நேரத்தில் ஒளிச்சேர்க்கையைச் சிறிது தணித்துக்கொள்கிறது. நீரின் மேல் பழுப்பு நிறத் துகள்களாக மிதப்பதால் மாலுமிகள் இதனைக் கடல் மரத்தூள் என அழைத்தனர்.

பாசிப்பெருக்கும் ஆக்சிஜன் குறைவும்

சத்தும் ஒளியும் ஒருங்கே மிகும்போது பாசி அளவுக்கு மீறிப் பெருகலாம். மன்னார் வளைகுடாவில் 2008ஆம் ஆண்டு அக்டோபரிலும், 2019ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் நாக்டிலூக்கா பெருகிக் கடல்நீர் பச்சையாக மாறியது. நாக்டிலூக்கா பிற நுண்ணுயிர்களை உண்டு வாழும் டைனோபிளாஜெல்லேட்டு ஆகும். அதன் பச்சை வகையின் உடலுக்குள் புரோட்டோயூக்ளினா என்னும் சிறு பாசிகள் வாழ்ந்து பகலில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. கோழிக்கோட்டுக் கடலைப் பச்சையாக்கிய நாக்டிலூக்காவிலிருந்து இப்பாசியை 1954ஆம் ஆண்டில் முதலில் விவரித்துப் பெயரிட்டவர் ஆர். சுப்பிரமணியன்.

2019ஆம் ஆண்டின் நிகழ்வு உவரிக்கு வடகிழக்கே, அதே வளைகுடாவின் மறுமுனையில் உள்ள மண்டபம் பகுதியில் ஏற்பட்டது. அங்குள்ள சிங்கில் தீவை ஒட்டிய நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே சென்றது. மீன்கள் இறந்து கரையொதுங்கின, பவளங்களும் மடிந்தன. இத்தகைய பெருக்கங்களில் பச்சை நிறமும் பகல்நேர ஆக்சிஜனும் கடல் வளமாக இருப்பதுபோல் காட்டலாம். இரவு முழுவதும் நிகழும் சுவாசமும், இறந்த பாசிகளின் சிதைவும் சேர்ந்து விடியலுக்கு முன் ஆக்சிஜனைக் குறைக்கின்றன. ஆகவே பகலில் மட்டும் எடுக்கப்படும் அளவீடு ஆபத்தைக் காட்டாமல் போகக்கூடும்.

ஆய்வு வரலாறு

சென்னைக் கரையின் டயட்டம்களைப் பற்றிய ஆர். சுப்பிரமணியனின் விரிவான நூல் 1946ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1947ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அதன் அறிவியலாளர்களான ஆர். ரகு பிரசாத், பி. வி. இராமச்சந்திரன் நாயர் ஆகியோர் மன்னார் வளைகுடாவின் கரிமப்பொருள் உற்பத்தியைப் பற்றிய ஆய்வை 1963ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

பகலிரவு வேறுபாட்டை மேக்சுவெல் டோட்டி, மிக்கிகிகோ ஓகுரி ஆகியோர் 1957ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். ஒரே அளவு ஒளியில் சோதித்தபோதும், காலையில் எடுத்த கடல்நீரின் ஒளிச்சேர்க்கை மாலையில் எடுத்ததைவிடப் பன்மடங்கு கூடுதலாக இருந்தது. இவ்வேறுபாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் மிகுந்தும் துருவங்களை நோக்கிக் குறைந்தும் இருப்பதை டோட்டி 1959ஆம் ஆண்டில் வெளியிட்டார். மண்டபத்தில் தொடங்கப்பட்ட இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் ஆய்விதழினுடைய முதல் தொகுதியிலேயே அக்கட்டுரை இடம்பெற்றது. இதன்படி, உவரி போன்ற இடங்களில் எடுக்கப்படும் அளவீட்டுக்கு அதன் நேரத்தையும் குறிப்பது இன்றியமையாதது.

அளவிடும் முறைகள்

எளிய முறை, கார்டர், கிரான் ஆகியோர் 1927ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய இரு குப்பி முறையாகும். ஒரே நீர் ஒரு தெளிந்த குப்பியிலும், ஒளி புகாத மற்றொரு குப்பியிலும் அடைக்கப்பட்டுக் கடலில் தொங்கவிடப்படும். தெளிந்த குப்பியில் ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் நிகழும்; இருண்ட குப்பியில் சுவாசம் மட்டும் நிகழும். இரண்டின் ஆக்சிஜன் வேறுபாடு மொத்த ஒளிச்சேர்க்கையைத் தரும். இதனினும் நுட்பமான கதிரியக்கக் கார்பன் முறையைச் சுடீமன் நீல்சன் 1952ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

கடலின் நிறத்தைக் கொண்டு பச்சையத்தை மதிப்பிட இந்தியா 1999ஆம் ஆண்டு மே 26 அன்று ஓசன்சாட்-1 செயற்கைக்கோளை ஏவியது. ஓசன்சாட்-2 2009ஆம் ஆண்டிலும், ஓசன்சாட்-3 2022ஆம் ஆண்டிலும் ஏவப்பட்டன. இத்தகைய துருவச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் ஓரிடத்தைப் பகலில் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் காணும். பகலுக்குள் நிகழும் மாற்றங்களைக் காணப் புவிநிலைச் சுற்றுப்பாதை தேவை. தென்கொரியா 2010ஆம் ஆண்டில் ஏவிய கருவி தன்னைச் சுற்றிய கடல்களை மணிக்கொரு முறை, நாளுக்கு 8 முறை படமெடுத்தது.

மீன்வளமும் பயன்பாடும்

சாளை, சூடை, நெத்திலி போன்ற மீன்கள் நுண்பாசிகளையும், அவற்றை உண்ணும் சிறு விலங்குகளையும் உண்டு வாழ்கின்றன. இம்மீன்களைச் சூரை, சீலா போன்ற பெரிய மீன்கள் உண்கின்றன. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள்கள் தரும் பச்சைய அளவையும் கடல்மட்ட வெப்பநிலையையும் கொண்டு மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை மீனவர்களுக்கு அறிவிக்கிறது.

தூத்துக்குடியில் 1981ஆம் ஆண்டில் முத்துச்சிப்பிக் குஞ்சுகள் பொரிப்பகத்தில் வெற்றிகரமாக உருவாக்கப்பட்டபோது, அவற்றுக்கு ஐசோகிரைசிஸ் என்னும் நுண்பாசி உணவாக அளிக்கப்பட்டது. இத்தகைய வளர்ப்பில் விளக்கொளியின் நேரமும், கரைசலின் சத்து அளவும் பாசியின் உணவுத்தரத்தைத் தீர்மானிக்கின்றன. நைட்ரஜன் குறைந்தால் பாசி எண்ணெய் சேர்க்கும் இயல்பு, உயிரி எரிபொருள் ஆய்வுகளில் பயன்படுத்தப்படுகிறது. ஆனால் எண்ணெய் கூடும்போது பாசி பிரிவது குறைவதால், மொத்த விளைச்சல் கூடுவதில்லை என்பது அம்முயற்சிகளின் அடிப்படைச் சிக்கலாக உள்ளது.

கடல்மட்ட வெப்பநிலை உயரும்போது மேல்நீருக்கும் ஆழ்நீருக்கும் இடையிலான அடர்த்தி வேறுபாடு கூடி, ஆழத்துச் சத்து மேலே வருவது கடினமாகிறது. உவரியின் பகல் நீளமும் அதற்கேற்ற பாசிகளின் கடிகாரமும் இதனால் மாறப்போவதில்லை. மாறக்கூடியவை காற்றின் வலிமையும், மேலெழுச்சியின் காலமும், ஆற்றுநீரின் அளவும் ஆகும். எனவே, இக்கரையின் மீன்வளத்தைக் கணிப்பதற்கு இம்மூன்றையும் நெடுங்காலம் தொடர்ந்து அளந்துவருவது முதன்மைத் தேவையாகும்.